கல்வராயன் மலைக்கு விழிப்புணர்வு போதாது

உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 வந்தால் தமிழ்நாட்டின் எந்த மாவட்டத் தலைநகரிலும் நடப்பது கள்ளக்குறிச்சியிலும் நடக்கும். பள்ளிப் பிள்ளைகள் தட்டி பிடித்து ஊர்வலம் போவார்கள், அதிகாரிகள் மரக்கன்று நடுவார்கள், மக்களிடம் விழிப்புணர்வு வர வேண்டும் என்று மேடையில் யாராவது பேசுவார்கள். இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இந்தச் சடங்குக்கு அடியில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. ஜனங்களுக்குக் காட்டின் அருமை தெரியவில்லை, தெரிந்தால் பிரியம் வரும், பிரியம் வந்துவிட்டால் காப்பாற்றுவார்கள் என்ற நம்பிக்கை. அறிவு முதலில், அன்பு அடுத்து, செயல் கடைசியில். இந்த வரிசையே தலைகீழ் என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது. ஒரு காட்டைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் உட்கார்ந்து, அந்த முடிவைக் கட்டிக்காக்கும் வேலையையும் செய்யும்போதுதான் பெரும்பாலான மனிதர்களுக்கு அதன்மேல் அக்கறை பிறக்கிறது. அந்த இடத்தைக் கொடுக்காமல் அக்கறையை மட்டும் எதிர்பார்த்தால் தட்டிகள்தான் மிஞ்சும். பக்கத்திலேயே இருக்கும் கல்வராயன் மலையை வைத்தே இதைப் பார்ப்போம்.

கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஜவ்வாது, சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று தனித்தனித் துண்டாக நிற்கும் மலைகளில் கல்வராயனும் ஒன்று. சேலம் பக்கம் போனால் கருமந்துறை, கள்ளக்குறிச்சி பக்கம் வெள்ளிமலை. மேலே வாழ்பவர்களில் பெரும்பான்மையோர் மலையாளி என்ற பழங்குடியினர். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம், பேசுவது தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் இப்போது பெருவாரியாக மரவள்ளி. காட்டில் கடுக்காயும் புளியும். மலையில் பெய்யும் மழைதான் கோமுகியாகவும் மணிமுத்தாறாகவும் கீழே இறங்குகிறது. அடிவாரத்துக் கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் கோமுகி அணை. அந்தத் தண்ணீரை நம்பித்தான் கீழே நெல்லும் கரும்பும். மலை கெட்டால் நஷ்டம் யாருக்கு என்பதில் குழப்பமே இல்லை, மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும்தான். இருந்தும் நம் ஏற்பாடுகள் இந்த மலையோடு மனிதர்களுக்கு அனுமதித்திருக்கும் உறவு இரண்டே விதம். கீழிருந்து போகிறவர் விருந்தாளி. மேலே வாழ்கிறவர் சந்தேகத்துக்குரியவர்.

விருந்தாளியின் கதை சின்னது. வெள்ளிமலைக்குப் போகும் வழியில் பெரியார் அருவி, நடந்து போகத் தெம்புள்ளவர்களுக்கு மேகம் அருவி, கரியாலூரில் படகு, கோடை விழா. வருகிறவர்களுக்கு மலை பிடிக்காமல் இல்லை. பிடித்துத்தான் வருகிறார்கள், குளிக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். அருவிப் பாறைகளுக்கு நடுவே கண்ணாடிச் சில்லும் ஷாம்பூ பாக்கெட்டும் கிடப்பதும் அவர்களால்தான். 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு மாநிலம் முழுக்கத் தடை, அதுவும் எல்லோருக்கும் தெரியும். பிரியமும் இருக்கிறது, தகவலும் இருக்கிறது, நடத்தை மட்டும் மாறவில்லை. சுற்றுச்சூழல் உளவியலில் பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம் இது. இயற்கை மேல் தனக்கிருக்கும் மதிப்பைப் பற்றி ஒருவர் என்ன சொல்கிறார் என்பதை வைத்து, அவர் என்ன செய்வார் என்று கணிப்பது பெரும்பாலும் ஏமாற்றத்தில்தான் முடிகிறது. விருந்தாளிக்கு அந்த இடத்தில் நாளைக்கு வேலை இல்லை. அங்கே எதையும் தீர்மானிக்கும் பொறுப்பும் அவருக்குக் கிடையாது. அவரிடம் இருப்பது ரசனை, அதை அக்கறை என்று நாம்தான் தப்பாக எண்ணிக்கொள்கிறோம்.

சந்தேகத்துக்குரியவரின் கதை நீளமானது. சுதந்திரம் வந்து பல ஆண்டுகள் கழித்தும் கல்வராயன் மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. நிலத்துக்கு வரியும் உழைப்பும் அவர்களுக்கே. 1976-ல் அரசு மலையை நேரடியாக எடுத்துக்கொண்டது. ஜாகிர்தார் போனதும் அந்த இடத்துக்கு ஊர் வரவில்லை, துறைகள் வந்தன. எந்த நிலம் யாருடையது, எந்த மரத்தைத் தொடலாம், எங்கே மாடு மேயலாம் என்பதெல்லாம் வேறெங்கோ தீர்மானமாகி மலைக்கு உத்தரவாக வந்தது. மலையைப் பற்றிய செய்தி நாளிதழில் வந்தால் பெரும்பாலும் ஓடைக்கரையில் சாராய ஊறல் அழிப்பு, கட்டை கடத்தல் என்றே வரும். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வேலைக்குப் புரோக்கர்கள் ஆள் பிடித்த இடங்கள் ஜவ்வாது, சித்தேரி, கல்வராயன் போன்ற மலைகள்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மெத்தனால் தொழிற்சாலைச் சரக்கு, மலையில் காய்ச்சி எடுப்பதல்ல. ஆனாலும் எல்லோர் பார்வையும் உடனே மலை மேல் திரும்பியது. அதையொட்டி ஒரு நல்லதும் நடந்தது. கல்வராயன் மக்களுக்குச் சாலை, பள்ளி, மருத்துவம் போன்ற அடிப்படை வசதிகள் ஏன் எட்டவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்கத் தொடங்கியது. ஆக, ஒரு தலைமுறைக்கும் மேலாக இந்த மலையில் அரசு மனிதர்களைச் சந்தித்த விதம் சோதனையும் தடையும்தான். கண்காணிக்கப்படுகிறவன் மனதில் ஒரு விதி எப்படிப் பதியும் என்று யோசித்துப் பாருங்கள். அது கண்காணிப்பவனுடைய விதி. அவன் அந்தப் பக்கம் போனால் விதியும் கூடவே போய்விடும்.

கடுக்காயை எடுத்துக்கொள்வோம், விஷயம் துலங்கும். ஐந்து வரி ஓடிய சின்னக் காய். சித்த மருந்துக்கும் தோல் பதனிடவும் போகிறது. பிஞ்சுக்கும் நாட்டு மருந்துக் கடையில் இடமுண்டு என்றாலும் முற்றிய காய்தான் பெரிய வியாபாரம். மரத்தடியில் உதிர்ந்ததைப் பொறுக்கிப் பாறையில் காயவைத்து மூட்டை கட்டலாம். அல்லது கிளையை வளைத்து ஒடித்து, காய் முற்றும் முன்னேயே அள்ளலாம். முதல் வழியில் மரத்துக்குச் சேதமில்லை, அடுத்த வருஷமும் காய்க்கும். இரண்டாம் வழியில் இன்றைக்கு மூட்டை நிறையும், மரம் இளைக்கும். எது சரி என்று எந்த மலைவாசிக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் சேகரிக்கும் உரிமையை வெளியாள் ஒருவர் வருஷக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார் என்றோ, மரம் யாருக்கு என்றே நிச்சயமில்லை என்றோ வைத்துக்கொள்ளுங்கள். நான் காத்திருந்தால் நாளைக் காலை இன்னொருவர் கிளையை ஒடித்துக்கொண்டு போவார். பொறுமைக்குப் பலன் பொறுத்தவனுக்கு வராது என்று தெரிந்தபின் பொறுமையாக இருப்பதை எவரும் புத்திசாலித்தனம் என்று சொல்லமாட்டார்கள். அவருக்கு அறிவு குறையில்லை, மரத்தின்மேல் பிரியமும் குறையில்லை. காத்திருப்பதை எல்லோருக்கும் பொதுவான முடிவாக ஆக்கும் அதிகாரம் அந்த ஊருக்கு இல்லை என்பதுதான் குறை.

இதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. 2000-ல் ஹுவான் கமிலோ கார்டெனாஸ் என்ற பொருளியலாளரும் அவருடைய சகாக்களும் கொலம்பியா நாட்டுக் கிராமங்களில் நடத்திய ஒரு சோதனையை வெளியிட்டார்கள். காட்டை நம்பி வாழும் கிராமத்தாரையே உட்காரவைத்து ஒரு விளையாட்டு. பொதுக்காட்டில் எவ்வளவு நேரம் விறகு சேகரிப்பது என்று ஒவ்வொருவரும் தனியாக முடிவு செய்ய வேண்டும். எல்லோரும் அதிகம் எடுத்தால் எல்லோருக்கும் நஷ்டம். சில குழுக்களைச் சுற்றுக்குச் சுற்று தங்களுக்குள் பேசிக்கொள்ள விட்டார்கள். வேறு சில குழுக்களுக்குப் பேச அனுமதியில்லை, வெளியிலிருந்து ஒரு விதி வந்தது. மீறிப் பிடிபட்டால் அபராதம், ஆனால் எல்லோரையும் பிடிக்கும் அளவுக்குச் சோதனை கிடையாது. நம் காடுகளின் நிலைமையும் அச்சு அசலாக இதுதானே. பேசிக்கொண்ட குழுக்கள் அளவோடு எடுத்தன. விதியின் கீழ் வந்தவர்கள் முதலில் கொஞ்சம் அடங்கினார்கள், போகப்போக அவரவர் லாபத்தைக் கணக்குப் பார்த்து எடுக்க ஆரம்பித்தார்கள். அரைகுறைக் கண்காணிப்பு, பேராசையை அடக்குவதற்குப் பதிலாக மனிதருக்குள் ஏற்கெனவே இருந்த பொதுப் பொறுப்பைக் கரைத்துவிட்டது. பிடிபடுவேனா மாட்டேனா என்ற கேள்வி மனதுக்குள் நுழைந்துவிட்டால், அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள் என்ற கேள்வி வெளியேறிவிடுகிறது.

விளையாட்டு விளையாட்டுதான், நிஜ மலையில் எப்படி என்றால் குமாவுனைச் சொல்லலாம். இமயமலையில், இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தில் இருக்கும் பகுதி. ஆங்கிலேய அரசு அங்கே பெரும் பரப்பைக் காப்புக்காடாக்கியதும் ஜனங்கள் கொதித்தார்கள். 1921-ல் காடுகளுக்குத் தீ வைத்தார்கள். அடக்கிப் பார்த்து முடியாமல், 1931-ல் அரசு வேறு வழிக்கு வந்தது. ஊர்களே வனப் பஞ்சாயத்து அமைத்துக்கொள்ளலாம், தங்கள் காட்டுக்குத் தாங்களே காவல் போட்டு, அபராதம் விதித்து, புல்லையும் விறகையும் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று விதி வகுத்தது. பிற்காலத்தில் அவை சுமார் 3,000 ஆகப் பெருகின. அருண் அகர்வால் என்ற ஆய்வாளர் அந்த ஊர்களில் மக்களிடம் பேசி 2005-ல் ஒரு புத்தகம் எழுதினார். காட்டைக் காக்க வேண்டும் என்று அழுத்தமாக நினைத்தவர்கள் யார் என்று அவர் பார்த்தார். சாதியோ, ஆணா பெண்ணா என்பதோ அதைப் பெரிதாக விளக்கவில்லை. பஞ்சாயத்து வேலையில், குறிப்பாகக் காவலிலும் கண்காணிப்பிலும் பங்கெடுத்தவர்களே அப்படி நினைத்தார்கள். தீ வைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு யாரும் விழிப்புணர்வு ஊட்டவில்லை. அவர்கள் வேலை செய்தார்கள், எண்ணம் பின்னால் வந்தது. உளவியலாளர் டேரில் பெம் சொன்னதும் ஏறக்குறைய இதையே. நம் மனதில் என்ன இருக்கிறது என்பதைப் பல சமயம் நம் செயலைப் பார்த்துத்தான் நாமே தெரிந்துகொள்கிறோம். ராத்திரி முழுக்கக் காட்டுக்குக் காவல் நின்றவன், விடிந்ததும் இது என் காடு என்று நினைப்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, ஏழைக்கு இன்றைய சோறுதான் முக்கியம், நாளைய காட்டைப் பற்றி அவனால் யோசிக்க முடியாது என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதிக்கான ஆதாரம் நம் வட்டாரத்திலேயே இருக்கிறது. 2013-ல் உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஓர் ஆய்வு, விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களை ஒட்டிய 54 ஊர்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்தது. கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தில்தான். கரும்பு வெட்டும் முன், கையில் காசில்லாத நேரத்தில் ஒருமுறை. வெட்டிப் பணம் வந்த பின் ஒருமுறை. அதே விவசாயிகளுக்கு அறிவுத்திறன் சோதனை. வெட்டும் முன் மதிப்பெண் கணிசமாகக் குறைந்திருந்தது. ஆள் அதே ஆள், மூளையும் அதே மூளை. பணமுடை மனதின் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். அந்த விளைவு எவ்வளவு பெரியது என்பதில் பின்னர் விவாதம் இருந்தாலும், இந்த எதிர்வாதத்துக்குள் ஒளிந்திருக்கும் அலட்சியத்தை அது உடைத்துவிடுகிறது. தொலைநோக்கு இல்லாமை ஏழையின் குணமே அல்ல, கைச் செலவுக்கு வழியில்லாத மாதத்தின் குணம். அந்த மாதத்தில் ஒருவரைத் தனியாகத் தீர்மானிக்கவிட்டால் கிளை ஒடியும். நல்ல மாதத்தில் ஊராகக் கூடிப் போட்ட கட்டுப்பாடு இருந்தால், மோசமான மாதத்தில் அது அவரைத் தாங்கும். வறுமை என் வாதத்தைப் பலவீனப்படுத்தவில்லை, ஊர் முடிவின் தேவையை அதிகமாக்குகிறது.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் காரமானது. உரிமையைக் கொடுத்தால் மரத்தை வெட்டி விற்றுவிடுவார்கள், சந்தனமரம் என்ன ஆயிற்று பார்த்தீர்களா என்பது. பார்த்தோம். தமிழகத்து மலைகளில் சந்தனம் சூறையாடப்பட்ட காலம் முழுக்க அந்த மரம் அரசின் கட்டுக்குள்தான் இருந்தது. காட்டில் மட்டுமில்லை, உங்கள் பட்டா நிலத்தில் தானாக முளைத்தாலும் அது உங்கள் இஷ்டத்துக்கு இல்லை. வளர்ப்பவருக்கே சந்தனமரம் சொந்தம் என்று சட்டம் திருந்தியது 2002-ல்தான். அதுவரை ஒரு விவசாயிக்குத் தன் வரப்பில் சந்தனக்கன்று முளைப்பது வரமா, தலைவலியா? வளர்ந்தால் திருடன் வருவான், திருடு போனால் விசாரணை வரும், வெட்டினால் வழக்கு வரும். அந்தக் கன்றின்மேல் அவருக்கு அன்பு சுரக்கும் என்று எதிர்பார்ப்பது மனித மனதைப் பற்றி ஒன்றுமே தெரியாத எதிர்பார்ப்பு. கடுமையான கட்டுப்பாடு தோற்றுப்போன கதையை, கட்டுப்பாட்டைத் தளர்த்தக் கூடாது என்பதற்குச் சாட்சியாகக் கொண்டுவருவது விசித்திரம்தான்.

மூன்றாவது எதிர்வாதத்துக்குத்தான் நான் அதிகம் மரியாதை கொடுப்பேன். பழங்குடியினர் என்றாலே இயற்கையின் பிள்ளைகள் என்று கொண்டாடாதீர்கள், மரவள்ளிக்காகச் சரிவைக் கொத்தி மண்ணைக் கரைப்பதும் அவர்கள்தானே என்பது அது. சரியான கேள்வி. மரவள்ளி வேரோடு பிடுங்கியெடுக்கும் பயிர். சரிவில் போட்டால், பிடுங்கிய குழியிலிருந்து அடுத்த மழைக்கு மண் நேராக ஓடைக்குப் போகும். ஆத்தூரிலும் சேலத்திலும் சேகோ ஆலைகள் இருக்கும்வரை கிழங்குக்குக் கிராக்கி, காசும் மொத்தமாகக் கைக்கு வரும். மலையில் பிறந்ததால் மட்டும் ஒருவர் காட்டுக் காவலராகிவிடமாட்டார் என்பதை நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். என் வாதமே பிறப்பு, ரத்தம், பண்பாடு இவற்றைவிடப் பொறுப்பைத்தான் நம்புகிறது. எலினார் ஆஸ்ட்ரம் பல நாடுகளில் பொதுக்காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் பாசன வாய்க்கால்களையும் ஆராய்ந்து 2009-ல் பொருளியல் நோபல் பரிசு பெற்றவர். அவர் கண்ட நீடித்த ஏற்பாடுகள் எதுவும் அன்பின் பலத்தில் மட்டும் ஓடவில்லை. எல்லை தெளிவாக இருந்தது, யார் உறுப்பினர் என்பது தெரிந்திருந்தது, விதியை உபயோகிப்பவர்களே போட்டார்கள், காவலை அவர்களே பார்த்தார்கள், முதல் தப்புக்குச் சின்ன தண்டனை, திரும்பச் செய்தால் பெரியது. வெளி அரசு இதை அங்கீகரித்து ஒதுங்கி நின்றது. நம் ஏரிப் பாசனத்தில் மடை திறக்கும் நீர்க்கட்டிக்கு இதெல்லாம் புதுச் செய்தி இல்லை. மரவள்ளி பட்டா நிலத்துப் பயிர், அதன் தலையெழுத்தை விலையும் கொள்முதலும் முடிவு செய்கின்றன. அதைத் தீர்க்க வேறு கொள்கை வேண்டும். ஆனால் ஓடையின் இரு கரையிலும் எவ்வளவு அகலத்துக்குக் கொத்தக் கூடாது என்பதை, அந்த ஓடைத் தண்ணீரைக் குடிக்கும் ஊரைவிட வேறு யாரால் சரியாகச் சொல்ல முடியும், சொன்னதைத் தினமும் பார்த்துக்கொள்ள முடியும்?

இதற்கெல்லாம் புதுச் சட்டம் தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. 2006-ன் வன உரிமைச் சட்டம் கிராம சபையிடம் இரண்டு சாவிகளைக் கொடுத்திருக்கிறது. ஒன்று, கடுக்காய், புளி, தேன் போன்ற சிறு வன மகசூலின் மேல் உடைமை. இன்னொன்று, வழிவழியாகத் தாங்கள் காத்துவரும் காட்டை நிர்வகிக்கும் சமூக வன வள உரிமை. தமிழ்நாட்டில் 2008-ல் வந்த நீதிமன்ற உத்தரவால் பட்டா வழங்கும் வேலை ஆண்டுக்கணக்கில் முடங்கி, 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகுதான் நகர்ந்தது. அதற்கு முன்பே 1997-ல் ஜப்பான் கடனுதவியில் தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தில் கிராம வனக்குழுக்கள் அமைந்தன, ஆனால் அவற்றில் எழுதுகோலும் காசோலையும் துறையின் பிடியை விட்டு முழுதாக ஊருக்கு வரவில்லை. திட்டப் பணம் ஓடும்வரை கூட்டம் நடக்கும், பணம் நின்றால் குழுவும் நிற்கும் என்ற ஆபத்து அந்த அமைப்பிலேயே இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா லேகா என்ற கோண்டு பழங்குடி ஊர் 2009-ல் சமூக வன உரிமையைப் பெற்றது. தன் மூங்கிலைத் தானே விற்கும் அனுமதிச் சீட்டு 2011-ல் அதன் கைக்கு வந்தது. காடு அழிந்துவிடவில்லை. எதை எப்போது வெட்டுவது என்பதை ஊரே கூடிப் பேசித் தீர்மானிக்கிறது.

கீழே இருக்கும் கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு இதில் என்ன வேலை? கோமுகி அணையின் முழு மட்டம் 46 அடி, இன்றைக்கு எத்தனை அடி என்று நாளிதழில் பார்ப்பதோடு நம் உறவு முடிந்துவிடுகிறது. நியூயார்க் நகரம் 1990-களில் இதே இடத்தில் நின்றது. அதற்குக் குடிநீர் தரும் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் பண்ணைக் கழிவு ஓடைகளில் கலந்தது. நகரம் முதலில் விதிகளை எழுதி மேலே அனுப்பியது, மலை விவசாயிகள் எகிறிக் குதித்தார்கள். பிறகு நகரம் பணத்தைக் கொடுத்து, திட்டத்தை விவசாயிகளின் சொந்த அமைப்பே நடத்தட்டும் என்று ஒதுங்கியது. பெரும்பாலான பண்ணைகள் தாமாகவே சேர்ந்தன, 1997-ல் ஒப்பந்தமும் ஆயிற்று, பல நூறு கோடி டாலர் செலவாகியிருக்கும் வடிகட்டும் ஆலையைக் கட்டும் தேவை நகரத்துக்கு வரவில்லை. கோமுகிப் பாசனக்காரர்களும் கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலையும் வெள்ளிமலை ஊராட்சிகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஓடைக்கரையைக் கொத்தாமல் விட்டால் கீழே இருப்பவர்கள் என்ன தருவார்கள் என்று பேரம் பேசினால், அது எந்த மரக்கன்று விழாவையும்விட மலைக்கு நல்லது செய்யும். பேரம் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். பேரத்துக்கு வருகிறவனிடம் கொடுக்கவோ மறுக்கவோ ஏதோ இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதே மரியாதைதான்.

அதனால் அடுத்த முறை ஒரு பாதுகாப்புத் திட்டம் அறிவிக்கப்படும்போது அதன் பட்ஜெட்டையும் மரக்கன்று எண்ணிக்கையையும் விட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இந்தத் திட்டத்தில் எதையாவது ‘வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் அந்த ஊருக்கு இருக்கிறதா? எந்த மரம் நடுவது, எந்தச் சரிவை மூடுவது, கடுக்காயை எப்போது எடுப்பது, அருவிக்கு எத்தனை வண்டியை விடுவது, இவற்றில் ஒன்றையாவது கிராம சபை மறுத்தால் திட்டம் மாறுமா? மாறும் என்றால் அங்கே அக்கறை வளர இடமிருக்கிறது, கொஞ்சம் தப்பும் தடுமாற்றமும் நடந்தாலும் வளரும். மாறாது என்றால், எத்தனை தட்டி எழுதினாலும் கல்வராயனில் விருந்தாளிகளும் சந்தேகத்துக்குரியவர்களும்தான் மிஞ்சுவார்கள்.